உம்மும்மாவின் வினாகிரி மீனும் பக்தாதின் சிக்பாஜும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் பாடசாலையில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி ஒன்று வைத்தோம். பிள்ளைகள் வட்டிலப்பம், கஞ்சி, புளியாணம், ஓட்டுமா, இடியப்பம் என்று விதவிதமாகக் கொண்டுவந்திருந்தார்கள். தரம் 9 மாணவி ஒருத்தி ஒரு பீங்கான் கோப்பையில் மீன் கொண்டுவந்தாள். பொரித்த விளைமீன் துண்டுகள். அதன் மேலே மஞ்சள் நிறத்தில் வினாகிரியில் ஊறிய சின்ன வெங்காயம், நீளமாகக் கீறிய பச்சைமிளகாய், மெல்லிசாக வெட்டிய கரட், அரைத்த கடுகு. வகுப்பறைக்குள் வரும்போதே வாசம் மூக்கைத் தொட்டது.

பார்வையிட வந்திருந்தவர்களில் ஒருவர் அந்தக் கோப்பைக்கு முன்னால் நின்றார். "இது நம்மட பாரம்பரியம் இல்லையே மகள். வெள்ளக்காரன்ட சாப்பாடு. நம்மட ஆக்கள் எப்ப வினாகிரியில மீன் சாப்பிட்ட?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை அந்தக் கோப்பையை மெதுவாக மேசைக்குக் கீழே வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், இது நம்மட சாப்பாடு இல்லையா?" என்று கேட்டாள்.

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அந்தக் கோப்பையைக் கண்டதும் எனக்கு என் உம்மும்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவர் சமைத்ததும் இதே மீன்தான். அன்றிலிருந்து இந்த ஒரு கறியைப் பற்றிக் கிடைத்த நேரமெல்லாம் தேடி வாசித்தேன். வாசித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் உம்மும்மாவின் கதை.

நாங்கள் மன்னார்த் தீவு ஆக்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. உம்மா சொல்லித்தான் தெரியும். வீட்டை விட்டுப் போகச் சொன்ன அன்று காலையில் வாப்பா கொண்டுவந்த விளைமீன் குசினியில் இருந்ததாம். எல்லோரும் உடுப்பையும் அடையாள அட்டையையும் தேடிக்கொண்டிருக்க, உம்மும்மா அடுப்பை மூட்டியிருக்கிறார். "இந்த நேரத்தில என்ன சமையல்?" என்று வாப்பா சத்தம் போட்டாராம். உம்மும்மா ஒன்றும் பேசாமல் மீனைப் பொரித்து, ஆறவிட்டு, இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தல்களில் வெங்காயத்தோடு அடுக்கி, காய்ச்சிய வினாகிரியை ஊற்றி மூடியை இறுக்கி, பிள்ளைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்துவிட்டார்.

பிறகு கடற்கரையில் காத்திருப்பு. மழை. வள்ளத்தில் கற்பிட்டி. அங்கே இறங்கி முதல் நாட்களில் யாரோ தந்த பாணோடு எங்கள் குடும்பம் சாப்பிட்டது அந்தப் போத்தலில் இருந்த மீனைத்தான். மூன்றாம் நாளும் அது பழுதாகவில்லை. "உன் வாய்க்கு உறைக்கும் என்று வெங்காயத்தைத் தட்டிவிட்டு மீனை மட்டும் ஊட்டினேன்" என்று உம்மா இப்போதும் சொல்வார்.

உம்மும்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் பயணம் போகிறவன் எந்த மீனை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எங்கிருந்து வந்தது? இதைத் தேடப் போனபோதுதான் நான் பக்தாத் வரைக்கும் போக வேண்டி வந்தது.

பாரசீக மொழியில் "சிக்" என்றால் வினாகிரி. "பா" என்றால் ஆணம். இரண்டும் சேர்ந்து சிக்பா. அறபியில் அது சிக்பாஜ் ஆனது. வினாகிரி ஆணம் என்பதுதான் நேரான பொருள். கி.பி. 531 முதல் 579 வரை பாரசீகத்தை ஆண்ட குஸ்ரோ அனூஷிர்வானுக்கு மிகவும் பிடித்த உணவு இது என்று சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு நீதி தவறாத நவ்ஷர்வான் என்று கதை சொல்வோமே, அதே மன்னர்தான். 10 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் ஒரு கதை வருகிறது. மன்னர் பல சமையற்காரர்களைத் தனித்தனியாக வைத்து, ஆளுக்கொரு சிறந்த உணவைச் சமைக்கச் சொன்னாராம். ஒருவருக்கொருவர் தெரியாமல் எல்லோரும் சமைத்து வந்தது சிக்பாஜ்.

அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் அது பக்தாதின் பெரிய வீடுகளில் பெயர்போன உணவாக இருந்தது. 1226 இல் முஹம்மத் பின் ஹஸன் அல்பக்தாதி எழுதிய சமையல் நூலிலும் அது இருக்கிறது. கொழுப்புள்ள இறைச்சி, வெங்காயம், கரட், கத்தரிக்காய், கொத்தமல்லி, கறுவா. இவற்றோடு வினாகிரியும் ஈத்தம்பழப் பாகு அல்லது தேனும். மேலே வாதுமை, முந்திரிகை வற்றல், அத்திப்பழம். புளிப்பும் இனிப்பும் ஒரே சட்டியில்.

இதை வாசித்தபோது எனக்கு நம் கலியாணச் சகன்தான் ஞாபகம் வந்தது. புரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற மலே அச்சாறில் என்னென்ன இருக்கிறது? வினாகிரி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கரட், கடுகு, ஈத்தம்பழம். புளிப்பும் இனிப்பும் அங்கேயும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

சரி, அது இறைச்சி. மீன் எப்போது வந்தது?

அதற்கு ஓர் அழகான சாட்சி இருக்கிறது. 10 ஆம் நூற்றாண்டில் புஸுர்க் பின் ஷஹ்ரியார் என்ற பாரசீகக் கப்பல் தலைவர், மாலுமிகள் சொன்ன கதைகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் "அஜாஇபுல் ஹிந்த்", இந்தியாவின் அதிசயங்கள். நம் ஸரந்தீப் பற்றியும் அதில் கதைகள் உண்டு. அதில் ஒன்று ஒரு யூத வியாபாரியின் கதை. அவர் சீனாவில் பெரும் பொருள் சேர்த்து, ஹிஜ்ரி 300 அளவில் ஓமானுக்குத் திரும்புகிறார். அங்கே ஆட்சியாளருக்கு ஒரு கறுத்தப் பீங்கான் சாடியைக் கொடுத்து, சீனாவிலிருந்து உங்களுக்காக சிக்பாஜ் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து சாப்பாடா என்று ஆட்சியாளர் ஆச்சரியப்பட, மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே தங்கத்தில் செய்த மீன்கள். கண்களுக்கு மாணிக்கம். சுற்றிலும் கஸ்தூரி.

அது பகிடியாகக் கொடுத்த பரிசு. ஆனால் சிக்பாஜ் என்று சொன்னதும் சாடிக்குள் மீன் இருக்கும் என்று கேட்டவர்கள் நினைத்திருந்தால்தான் அந்தப் பகிடி பலிக்கும். ஆகவே 1100 வருடங்களுக்கு முன்னமே, இந்தக் கடலில் ஓடிய மாலுமிகளுக்கு வினாகிரி மீன் நன்றாகத் தெரிந்த சங்கதி. பின்னால் எகிப்தில் எழுதப்பட்ட ஓர் அறபுச் சமையல் நூலில் செய்முறையே இருக்கிறது. மீனைத் துண்டாக்கி, மா தடவி, நல்லெண்ணெயில் பொரிக்க வேண்டும். வெங்காயத்தைத் தனியே பொன்னிறமாக வதக்க வேண்டும். வினாகிரி, தேன், மிளகு, குங்குமப்பூ எல்லாம் சேர்த்துக் காய்ச்சி மீனின் மேல் ஊற்ற வேண்டும். உம்மும்மா செய்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இந்த இடத்தில் ஏன் வினாகிரி, ஏன் இந்த வகை மீன் என்று ஒரு சிறிய விஞ்ஞானப் பாடம்.

மீனின் சதையில் இருக்கும் ஒரு பொருள், மீன் செத்த பிறகு ட்ரைமெத்தைலமைன் என்ற பொருளாக மாறுகிறது. நாம் மீன் வெடுக்கு என்று சொல்வதற்கு முக்கிய காரணம் அதுதான். அது ஒரு மூலம். அமிலம் பட்டால் உப்பாக மாறிவிடும். ஆவியாகி மூக்குக்கு வராது. தேசிக்காய், புளி, கொறுக்காய், வினாகிரி என்று எல்லாக் கடற்கரையிலும் மீனோடு புளிப்பைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். அடுத்தது, மீனைப் பழுதாக்கும் கிருமிகள் பல, அமிலம் கூடிய இடத்தில் பெருக முடியாது. கப்பலிலும் வள்ளத்திலும் குளிர்சாதனப் பெட்டி ஏது? வினாகிரிதான் இருந்தது.

ஆனால் எல்லா மீனும் இதற்குச் சரிவராது. சாளை, கீரி போன்ற மெல்லிய மீன் ஊறும்போது குழைந்து போகும். சூரையின் சிவந்த சதைக்குக் கனத்த மசாலா வேண்டும். விளைமீன், களவாய், கொடுவா, பாரை, அறுக்குளா போன்றவற்றின் சதை இறுக்கமானது. பொரித்தால் துண்டு உடையாது, வினாகிரியில் கிடந்தாலும் இதழ் இதழாகப் பிரியுமே தவிரக் கரையாது. வெண்சதை மீனுக்குச் சொந்த ருசி மெதுவானது. அதனால்தான் பக்கத்தில் வருகிற வெங்காயம், மிளகாய், கடுகு, புளிப்பு எல்லாம் அதில் எடுப்பாகத் தெரிகின்றன.

வினாகிரியை ஏழையின் உணவு என்று யாரும் ஏளனமாக நினைக்கவும் தேவையில்லை. வீட்டில் தொட்டுக்கொள்ள வினாகிரியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதையே வரவழைத்து, நல்ல ஆணம் என்று புகழ்ந்தபடி உண்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

இனி இந்த மீன் மேற்கே போன கதை.

711 இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குள் நுழைந்தார்கள். அந்தலுஸ் என்று நாம் சொல்லும் அந்த நாட்டில் அறபும் பாரசீகமும் கலந்த சமையல் வேரூன்றியது. சிக்பாஜ் என்ற சொல் அறபியின் "அல்" சேர்ந்து, அங்கே நாக்கில் உருண்டு உருண்டு "எஸ்கபேச்சே" ஆனது. 14 ஆம் நூற்றாண்டுக் கட்டலான் மொழிச் சமையல் நூலில் அந்தச் சொல்லின் ஒரு வடிவம் பதிவாகிவிட்டது. பொரித்த மீன், வெங்காயம், வினாகிரி. முஸ்லிமும் சாப்பிட்டான், யூதனும் சாப்பிட்டான், கிறிஸ்தவனும் சாப்பிட்டான்.

1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அதே வருடம் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பிறகு முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் அல்லது நாடு கடத்தல் என்று கட்டளை வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களின் பிள்ளைகளைக்கூட நம்பவில்லை. 1609 இலிருந்து 1614 க்குள் அவர்களிலும் இலட்சக்கணக்கானோர் துரத்தப்பட்டார்கள்.

இந்த இடைக்காலத்தில் மத விசாரணை மன்றங்கள் செய்த ஒரு வேலை என்னை உறங்கவிடவில்லை. அவர்கள் குசினிகளை விசாரித்தார்கள். யார் பன்றிக் கொழுப்பில் சமைக்காமல் ஒலிவ் எண்ணெயில் சமைக்கிறார்கள்? யார் வெள்ளிக்கிழமை பின்னேரமே சனிக்கிழமைக்கும் சேர்த்துச் சமைத்து வைக்கிறார்கள்? யார் வீட்டில் குஸ்குஸ் அவிகிறது? வேலைக்காரியும் அயலவரும் சாட்சி சொன்னார்கள். சட்டியில் இருப்பதை வைத்து இவன் நம்மவன், இவன் அந்நியன் என்று பிரித்தார்கள். ஒரு கோப்பை மீனைப் பார்த்து இது நம்மடது இல்லை என்று சொல்வது சின்ன விசயமாகத் தெரியலாம். வரலாற்றில் அது எங்கே போய் முடிந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன விசயமாகத் தெரியாது.

துரத்தப்பட்ட யூதர்கள் போன இடமெல்லாம் பொரித்த மீனையும் கொண்டுபோனார்கள். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் முதல் நாளே பொரித்து வினாகிரியில் வைக்கும் மீன் அவர்களுக்கு வசதியாக இருந்தது. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களில் சிலர் லண்டனில் குடியேறினார்கள். 1846 இல் லண்டனில் வெளிவந்த யூதச் சமையல் நூலில் எஸ்கபேச்சே செய்முறை இருக்கிறது. அங்கே கொட் போன்ற வெண்சதை மீனில் அவர்களின் பொரியல் பழகி, பிறகு உருளைக்கிழங்குப் பொரியலும் சேர்ந்தது. அப்படித்தான் இன்று உலகம் முழுவதும் ஆங்கிலேயரின் உணவு என்று சொல்லப்படும் மீனும் சிப்ஸும் உண்டானது. அதன் மேல் இன்றும் என்ன தெளிக்கிறார்கள்? வினாகிரி.

வெள்ளைக்காரன்ட சாப்பாடு என்று அன்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அந்த வெள்ளைக்காரருக்கே அது அகதிகள் கொண்டுபோய்க் கொடுத்த சாப்பாடு.

ஸ்பானியர்கள் அதைக் கடல் தாண்டியும் கொண்டுபோனார்கள். பிலிப்பைன்ஸில் எஸ்கபேச்சே என்றால் பொரித்த முழு மீனின் மேல் இஞ்சி, கரட், குடமிளகாய் போட்ட புளிப்பு இனிப்புச் சாறு. ஜமெய்க்காவில் எஸ்கோவிச் என்றால் பொரித்த மீனின் மேல் வெங்காயமும் நெருப்பாக உறைக்கும் மிளகாயும் வினாகிரியும். பெரு நாட்டில் எஸ்கபேச்சேயோடு இன்னொன்றும் உண்டு, செவிச்சே. பச்சையான வெண்சதை மீனைச் சின்னத் துண்டுகளாக்கி, தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, செவ்வெங்காயம், மிளகாய், வற்றாளங்கிழங்கு, சோளம் இவற்றோடு சாப்பிடுவது. அந்தப் பெயரும் சிக்பாஜிலிருந்து வந்ததே என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. 2023 இல் யுனெஸ்கோ செவிச்சேயை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஒரு வேடிக்கை. பெருவின் செவிச்சேயில் புளிக்கும் தேசிக்காய் இனம் ஆசியாவுக்கு உரியது. அறபிகள் அதை மேற்கே கொண்டுபோக, ஸ்பானியர்கள் அமெரிக்காவில் நட்டார்கள். நம் வினாகிரி மீனில் உறைக்கும் மிளகாயோ அமெரிக்காவுக்கு உரியது. போர்த்துக்கேயர் காலத்துக்கு முன் நம் நாட்டில் எவரும் அதைக் கண்டதில்லை. அதுவரை உறைப்புக்கு மிளகுதான். புதிதாக வந்த காயைப் பார்த்து, மிளகு போல் உறைக்கிறதே என்று மிளகு காய், மிளகாய் என்று நம் ஆக்கள் பெயர் வைத்தார்கள். இன்று மிளகாய் இல்லாத நம் பாரம்பரிய உணவு எத்தனை? மிளகாயை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை.

இப்போது நம் கரைக்கு வருவோம்.

இந்தப் பதிவை வாசிக்கிற புத்தளத்து உறவுகளுக்கு இப்னு பதூதாவைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1344 இல் மாலைதீவிலிருந்து வந்த அவரது கப்பல் ஒதுங்கிய பத்தாலா நம் புத்தளம்தான் என்று பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், ஆரியச் சக்கரவர்த்தி முத்துகளைக் காட்டியதையும், மன்னருக்குப் பாரசீகம் விளங்கியதையும் அவர் எழுதியிருக்கிறார். பலருக்கும் தெரியாத ஒன்று, அந்த மனிதர் சாப்பாட்டையும் கவனமாக எழுதிவைத்தார். 1331 இல் சோமாலியாவின் மொகதிஷுவில் அவருக்கு வைத்த விருந்தில் நெய்ச்சோறு, மீனும் இறைச்சியும் சேர்ந்த கறி, வினாகிரியிலும் உப்பிலும் ஊறிய மிளகு, ஊறிய எலுமிச்சை, பச்சை இஞ்சி, மாங்காய். பிறகு இந்தியாவின் மேற்குக் கரையில் ஹொன்னாவரில் வைத்த விருந்திலும் அதே நெய்ச்சோறு, அதே ஊறுகாய்கள், அடுத்து மீன் வகைகள்.

ஆபிரிக்கக் கரையிலும் இந்தியக் கரையிலும் ஒரே சகன். சோறு, மீன், பக்கத்தில் புளிப்பும் உறைப்புமாக ஊறிய காய். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வருவதற்கு 160 வருடங்களுக்கும் மேலாக முன்னால். அந்தக் கரைகளுக்கு இடையில்தான் நம் முன்னோர் கப்பலோட்டினார்கள்.

பிறகு வந்தவர்களும் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். நாம் சொல்லும் "வினாகிரி" போர்த்துக்கேயச் சொல். "பாண்" போர்த்துக்கேயச் சொல். "அச்சாறு" பாரசீகச் சொல். மலாயில் அது "அச்சார்". ஒல்லாந்தர் 1658 இலிருந்து 1796 வரை நம் கரையோரத்தை ஆண்ட காலத்தில் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் மலாய்க்காரரைப் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் இங்கே கொண்டுவந்தார்கள். கலியாணச் சகனில் இருக்கும் மலே அச்சாறு அவர்கள் தந்தது. அதே ஒல்லாந்தர் 1652 இல் தென்னாபிரிக்காவின் கேப் முனையிலும் குடியேறி, ஜாவா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளை அங்கே இறக்கினார்கள். இன்றும் கேப் டவுன் முஸ்லிம்களின் வீட்டில் ஒரு மீன் உண்டு. பொரித்த வெண்சதை மீன், வளையமாக வெட்டிய வெங்காயம், மஞ்சள், கறித்தூள், வினாகிரி. ஆறவைத்துப் பாணோடு சாப்பிடுவார்கள். பெரிய வெள்ளியன்று அங்கே கிறிஸ்தவர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அதே மீன்தான். அதன் படத்தை உம்மாவிடம் காட்டினேன். "இது நம்மட மீன்தானே, ஆர் சமைச்ச?" என்று கேட்டார்.

ஆகவே உம்மும்மாவின் ஒரு போத்தலுக்குள் எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் பாருங்கள். பாரசீகத்தின் அச்சாறு, போர்த்துக்கேயரின் வினாகிரி, அமெரிக்காவின் மிளகாய், நம் ஊர் மஞ்சள், மன்னார்க் கடலின் விளைமீன். அந்தப் பட்டியலில் பெரும்பாலானோர் கப்பலில் வந்தவர்கள். விரும்பி வந்தவர் சிலர், கட்டி இழுத்து வரப்பட்டவர் சிலர். அரசர்களின் பெயர் புத்தகத்தில் நின்றது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களின் பெயர் நிற்கவில்லை. ஆனால் கை மாறிக் கை மாறி வந்து நம் வாயில் நிற்பது அவர்கள் காத்ததுதான்.

கண்காட்சி முடிந்து இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் மன்னார் ஆக்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் புத்தளத்தில் இருப்பவர்கள். அப்படியானால் இந்த மீன் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளையின் மூத்தும்மாவிடம் கேட்டேன்.

"தொண்ணூறாம் ஆண்டு அகதியா வந்த ஆக்கள் எங்கட வளவுக்குப் பின்னால கொட்டில் போட்டிருந்த. ஒரு மன்னார் உம்மா உப்பு கேட்டு வருவா. நான் மீன் குடுப்பேன். அவ ஒரு நாள் அந்த மீனை இப்படிச் செஞ்சு பாதியத் திருப்பிக் கொண்டுவந்து தந்த. அதில இருந்து எங்கட வீட்டில பெருநாளுக்கு இதுதான்" என்றார்.

அந்த உம்மாவின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. எங்கே போனார் என்றும் தெரியாது. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மதில். 

நான் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். லண்டனில் யாரோ ஒரு யூதப் பெண் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை மீன் கொடுத்திருப்பாள். கேப் முனையில் ஓர் அடிமைப் பெண் கொடுத்திருப்பாள். புத்தளத்தில் அந்த மன்னார் உம்மா கொடுத்தார். இடம் கொடுத்தவர்களும் சாப்பாடு கொடுத்தவர்களும் சேர்ந்து 35 வருடங்கள் ஆகின்றன. நமக்குள்ளேயே அகதி, ஊரவன் என்று இன்னும் சில இடங்களில் கதை வருகிறது. வீட்டுப் பதிவு, வாக்குப் பதிவு, பாடசாலை அனுமதி வருகிற நேரங்களில் எல்லோருக்கும் அது தெரியும். குசினிக்குள் அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைக்கு நான் கொடுத்த பதில் இதுதான். உன் மூத்தும்மா 35 வருடமாகப் பெருநாளுக்குச் சமைக்கிறா. உனக்கும் சமைக்கத் தெரியும். நாளை உன் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பாய். இதற்கு மேல் ஒரு சாப்பாடு நம்மடதாக வேறு என்ன வேண்டும்? அவள் சிரித்துவிட்டு, "அப்ப வர வருசமும் கொண்டு வரலாமா டீச்சர்?" என்றாள். கொண்டு வா, இந்த முறை பெயரும் எழுதி வை என்றேன்.

கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் உம்மாவின் அளவையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு கிலோ விளைமீன் அல்லது பாரை, அல்லது கிடைக்கிற இறுக்கமான வெண்சதை மீன். விரல் தடிப்பில் துண்டாக்கி, உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் பூசி அரை மணித்தியாலம் வைத்து, நன்றாகப் பொரித்து முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு அடுக்கினால் மீன் உடையும். கால் கிலோ சின்ன வெங்காயம் முழுதாக, எட்டுப் பத்துப் பச்சைமிளகாய் கீறியது, ஒரு கரட், இரண்டு கறிமிளகாய். ஒரு தேக்கரண்டி கடுகையும் நாலு பல் உள்ளியையும் ஒரு துண்டு இஞ்சியையும் வினாகிரி விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கோப்பை தென்னை வினாகிரி, இரண்டு மேசைக்கரண்டி சீனி, உப்பு, கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெங்காயத்தையும் காய்களையும் அதில் இரண்டு நிமிடம் மட்டும் போட்டு இறக்குங்கள். வெங்காயம் கடிபட வேண்டும். அரைத்த கடுகைக் கலந்து, ஆறியதும் மீனின் மேல் ஊற்றுங்கள். விரும்பினால் நாலைந்து ஈத்தம்பழம் கீறிப் போடலாம். மண்சட்டி, கண்ணாடி, பீங்கான் நல்லது. அலுமினியப் பாத்திரத்தில் வினாகிரி வைக்க வேண்டாம். இப்போது குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, அதில் வையுங்கள். மறுநாள்தான் ருசி பிடிக்கும்.

உம்மும்மா மௌத்தாகி ஒன்பது வருடம். கடைசிக் காலத்தில் பலதையும் மறந்துவிட்டார், என் பெயரையும் மறந்தார். வினாகிரி வாசம் வந்தால் மட்டும், "மூடிய இறுக்கிப் பூட்டினதா? வள்ளத்தில கொட்டிரும்" என்று கேட்பார். அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைக் கொடுப்பானாக.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சட்டி இருக்கும். சமைத்தவர் இருக்கும்போதே, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள்.